ஒரு வீட்டுக்கு ஒரு டிஸ்க்

ஸுல்பிகா கண்ணை மூடிக்கொண்டு ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காதோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். என் கடை மேசையில் மூடி கழற்றிக் கிடக்கும் பரிசோதனைக் கொம்பியூட்டரிலிருந்து இரண்டு வயர்கள் நீண்டு அவளுடைய முக்காட்டுக்குள் போகின்றன. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். 2008 வைகாசி வெயிலில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் வேர்த்து வழிந்தபடி என்னை முறைக்கிறார்கள். நான் என்ன செய்ய? இந்தக் கடைக்குள் அவள் டிஸ்க் எடுக்க வந்தால் முதலாளி அவள்தான்.

"இது இருமுது அண்ணன். வாணாம்."

அடுத்ததை மாட்டிக் கொடுக்கிறேன். அரை நிமிடம் கேட்கிறாள்.

"இது மூச்சு வாங்குது. ஏணியில ஏறினவன் மாதிரி. இதும் வாணாம்."

மூன்றாவது தேறிவிட்டது. ஆனால் அதோடு முடியாது. அதை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். திருப்பி, ஆணித் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்ப்பாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை என்று ஒருமுறை சொன்னேன். "மாப்புள பிழையாப் போனா பொண்ணு ஒருத்திதான் அழுவா. டிஸ்க் பிழையாப் போனா ஊடே அழும்" என்றாள்.

என் கண்ணாடி அலுமாரியில் ஐந்நூறு ஜீபீ டிஸ்க் ஒன்று உறை பிரியாமல் இருக்கிறது. வீடியோ வெட்டித் தொகுக்கிற எவனும் அதைப் பார்த்தால் எச்சில் விழுங்குவான். இருபது கல்யாணங்களை அதற்குள் அடுக்கலாம். ஸுல்பிகா அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவளுக்கு வேண்டியது அரசாங்கக் கந்தோர்களில் கழித்துவிட்ட பழைய இருபது, நாற்பது ஜீபீக்கள்தான். கோழிமுட்டை பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். பார்க்கிறவர்கள் வசதியில்லாதவள் என்று நினைப்பார்கள், அல்லது கழன்ற கேஸ் என்று நினைப்பார்கள். இரண்டும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பிறந்தது கிண்ணியா, வாழ்க்கைப்பட்டது நகரத்து ஜமாலியாவில். கணவர் கலீலுர் றஹ்மான் கல்யாண வீடுகளில் ஆண்கள் பக்கத்தைப் படம் எடுப்பவர். பெண்கள் பக்கத்தை எடுப்பது ஸுல்பிகா. கிண்ணியா, மூதூர், தோப்பூர் முஸ்லிம் வீடுகளில் மருதோண்டி போடுவதும் பெண்ணை அலங்கரிப்பதும் குரவை இடுவதும் பெண்களுக்குள் நடக்கிற காரியங்கள். அந்தப் படத்தைப் பெண்கள்தான் எடுக்க வேண்டும், பெண்கள்தான் வெட்டித் தொகுக்க வேண்டும், பெண்கள்தான் பார்க்க வேண்டும். ஆகவே அந்த வீட்டில் கல்யாணம் ஒன்று, படம் இரண்டு, கொம்பியூட்டரும் இரண்டு. அவளுடையது திரைச்சீலை போட்ட பின்னறையில் இருக்கிறது. கலீலுர் றஹ்மான் மனைவிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாலும் திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். மாணிக்கமான மனிதர்.

வேலை செய்யும்போது கொடுப்புக்குள் ஒரு கராம்பை ஒதுக்கிக்கொள்வாள். அது கரைவதற்குள் ஒரு பாட்டுக்கு உரிய படம் முடிந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. மற்றவர்கள் போடுகிற இதய வடிவங்களும் உதிர்கிற ரோசாப்பூக்களும் அவளுக்கு ஆகாது. "பொண்ணுட முகத்துக்கு மேல பூவைப் போட்டு மறைக்கிறானுகள். சனம் பூவையா பாக்க வந்த?" என்பாள். அவள் படங்களில் முகங்கள் நின்று நிதானித்து வரும். சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கிறவளுக்கும் மூன்று விநாடி உண்டு. இதெல்லாம் பெண்கள் சொல்லி என் மனைவி பூரணி கேட்டு எனக்குச் சொன்னது. நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

கொம்பியூட்டருக்குள் இருக்கிற டிஸ்க்குகளுக்கு அவளாக வைத்த பெயர்கள் உண்டு. மெசினை இயக்குவது ஓடுற டிஸ்க். கமராவிலிருந்து படத்தை இறக்கி வெட்டுவது வெட்டுற டிஸ்க். கணவரின் கொம்பியூட்டரில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. முடிந்த படங்களைச் சேர்த்து வைக்கிற அது, வைக்கிற டிஸ்க். அவளிடம் அந்த மூன்றாவது கிடையாது. பெண்கள் பக்கப் படத்தைச் சேர்த்து வைக்கக்கூடாது என்பது அவள் தொழில் தொடங்கிய நாளில் எடுத்த முடிவு. சீடியையும் கமராவில் ஓடிய வீடியோ நாடாவையும் பெண்ணின் தாயிடம் கொடுப்பாள். பிறகு அந்தத் தாயைத் திரைக்குள் அழைத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருத்துவாள். படம் இருக்கிற இடத்தைக் காட்டி, அழிக்கிற பட்டனில் அந்தத் தாயின் விரலையே எடுத்து வைப்பாள்.

"நீங்களே அமத்துங்க மாமி. அமானிதம் முடிஞ்சி."

நம்பி ஒப்படைத்ததை நம்பியபடியே திருப்பிக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அந்த ஒரு விரல் அமத்தலில்தான் அவள் பெயர் குச்சவெளியிலிருந்து தோப்பூர் வரைக்கும் போனது. படமே எடுக்கக்கூடாது என்றிருந்த வீடுகளும் "ஸுல்பிகாவெண்டா சரி" என்று இறங்கி வந்தன.

டிஸ்க்குகளைக் கொண்டு திரிவது அந்த நாட்களில் லேசான காரியமில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் இரும்புப் பெட்டி போல ஒரு சாமான், அதிலிருந்து ஊசி ஊசியாகக் கம்பிகள். முதல் தடவை அவளை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நான் கடைத் தாளில் மூன்று மொழியிலும் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். 'இது கொம்பியூட்டர் உதிரிப்பாகம், வெடிக்காது, இப்படிக்கு இராசதுரை.' அந்தக் கடிதம் மடித்த இடமெல்லாம் கிழிந்து, நாலு முறை புதிதாக எழுதிக் கொடுத்தாயிற்று.

இனி என் பங்குக்கு வருகிறேன். 2004இல் அவள் தன் முதலாவது எண்பது ஜீபீ டிஸ்க்கை என்னிடம்தான் எடுத்தாள். அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுல அழிச்சா உண்மையா அழிஞ்சிருமா அண்ணன்?"

"எரிச்ச கடுதாசி மாதிரி தங்கச்சி. பிறகு கடவுளாலயும் எடுக்க ஏலாது" என்றேன்.

அது பொய். கொம்பியூட்டர் விற்கிற எனக்குத் தெரியாமல் இல்லை. விளக்கப் போனால் அவள் வாங்காமல் போய்விடுவாளோ என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். என்னுடைய அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் நூறு தாய்மாரின் விரல்களைப் பட்டனில் வைத்தாள்.

2006 தை மாதம் மூதூரில் உம்மு குல்சும் என்ற பெண்மணி தன் ஒரே மகள் றம்லாவுக்குக் கல்யாணம் செய்தார். மிகவும் கட்டுப்பாடான வீடு. றம்லாவுக்குப் பள்ளிக்கூடப் படம்கூடக் கிடையாது, அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். ஸுல்பிகா போய்ப் பெண்கள் பக்கத்தை எடுத்தாள். சீடி வாங்க வந்த அன்று உம்மு குல்சும் மாமி பட்டனை ஒருமுறை அல்ல, மூன்று முறை அமத்தினாராம்.

அந்த ஆவணியில் சண்டை மூண்டு, மூதூர்ச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது. எங்கிருந்து வந்ததென்று யாரும் உறுதியாகச் சொல்லாத ஒரு ஷெல் வழியில் விழுந்தது. கல்யாணமாகி ஏழு மாதமான றம்லாவை அந்த வழியோரமே அடக்க வேண்டியதாயிற்று. அடையாள அட்டை அவளோடு போயிற்று. தாய் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை, அலுமாரிக்குள் இருந்த சீடியும் நாடாவும் இல்லை.

மறு வருடம் பங்குனியில் அவர் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகு ஏறி நகரத்துக்கு வந்தார். இறங்குதுறைச் சோதனையெல்லாம் முடித்து ஜமாலியாவுக்கு நடந்தே போனார். அவர் கேட்டதை ஸுல்பிகா எனக்கு அப்படியே சொன்னாள்.

"மகள், நான் அமத்தினாலும் நீ உண்மையா அழிச்சிருக்க மாட்டாய்தானே? எனக்குத் தெரியாம வெச்சிருப்பாய்தானே? சொல்லு, நான் ஏச மாட்டன். கனவுலயும் முகம் வாறது நிண்டுட்டு. எந்தப் பக்கம் பல்லு கொஞ்சம் மேல ஏறி இருந்ததெண்டு மறந்துட்டன்."

தன் நாணயத்தின் பேரில் ஸுல்பிகா கொடுத்த மறுமொழி ஒன்றுதான்: "இல்ல மாமி. அழிச்சாச்சு." எந்த வார்த்தைக்காக ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்ததோ அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு தாயை லோஞ்சுக்குத் திருப்பி அனுப்பினாள்.

அன்று பின்னேரம் என் கடைக்கு வந்தாள். டிஸ்க் ஒன்றும் கேட்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, "எரிச்ச கடுதாசிதானே அண்ணன்? ஒண்டும் செய்ய ஏலாதானே?" என்றாள்.

நான் ஆமோதித்து 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நல்ல பெயரோடு இருந்திருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அன்றைக்கு நான் கெட்டதற்காக இன்று வரை வருந்தவில்லை.

"தங்கச்சி, நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றேன். பிறகு இப்படி விளங்கப்படுத்தினேன். பள்ளிக்கூட வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டால் பிள்ளை வகுப்பிலிருந்து மறைந்துவிடுமா? அந்த வாங்குப் பலகையில் வேறொரு பிள்ளை வந்து இருக்கிற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். அமத்தினால் பெயர்தான் போகும். அதே இடத்தில் புதுப் படம் ஏறும்வரைக்கும் பழையது கிடக்கும்.

மகிழ்ச்சிப்படுவாள் என்று நினைத்த நான்தான் மடையன்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் சனத்துக்குப் பொய் சொல்லியிருக்கன்" என்றாள். "அவங்கட விரலை வெச்சே அவங்களுக்குப் பொய் சொல்லியிருக்கன்."

அந்தக் கல்யாணம் இருந்த எண்பது ஜீபீ டிஸ்க் எங்கே? மற்றவர்கள் பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றுவார்கள். அவள் ஒரு நாளும் பழைய டிஸ்க்கை எனக்குத் திருப்பித் தந்ததில்லை. நான் கேலி செய்திருக்கிறேன். "அழிச்சாலும் அதுக்குள்ள பொம்புளையள் இருந்தவங்கதானே" என்பாள். கொம்பியூட்டர் படித்த எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு ஏதோ ஒரு வகையில் கூடத் தெரிந்திருக்கிறது. அந்த எண்பது ஜீபீ 2006 கடைசியில் டக் டக்கென்று தட்டத் தொடங்க, கழற்றித் துணியில் சுற்றி அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். சண்டையால் கல்யாணம் குறைந்த வருடம் என்றாலும், றம்லாவின் கல்யாணத்துக்குப் பிறகு அதில் ஐந்து கல்யாணங்கள் ஏறியிருந்தன. மிச்சம் என்ன இருக்குமென்று சொல்ல முடியாது. தட்டுகிற டிஸ்க் இன்னும் ஒருதரம்தான் ஓடும், அதற்குள் எடுப்பது எடுத்ததுதான் என்று எச்சரித்தேன்.

எடுப்பதை அதே டிஸ்க்கில் எழுதக்கூடாது, வேறொன்று வேண்டும். அதைத் தெரிந்தெடுக்க அவள் அன்று என் கடையில் பதினொரு டிஸ்க்குகளைக் காதில் வைத்தாள். உறை பிரியாத புதியதை நீட்டினேன். "இது இன்னும் ஒரு நாளும் ஓடல்ல. இதுட குணம் ஆருக்குத் தெரியும்?" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் என் பில் போடுகிற கொம்பியூட்டரைக் கையால் காட்டினாள்.

"உங்கட மெசின்ல ஓடுறதத் தாங்க அண்ணன். நான் வந்து போற மூணு வருஷமா அது ஒரு சத்தமும் போடல்ல."

அதற்குள் என் கடையும் இருந்தது, இடைக்கிடை பத்திரிகைகளுக்கு எழுதுகிற என் கிறுக்கல்களும் இருந்தன. ஏலாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி, முழுக்கத் துடைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

மறு வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. உம்மு குல்சும் மாமியை ஸுல்பிகா ஆள் அனுப்பி அழைத்திருந்தாள். மீட்கிற புறோகிராமை நான்தான் கொண்டுபோக வேண்டும், நான்தான் வழி சொல்ல வேண்டும். ஆனால் திரையில் வருவதை நான் பார்க்கக்கூடாது. ஆகவே கலீலுர் றஹ்மான் திரைச்சீலைக்கு உட்பக்கமாக ஒரு கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். நான் கொம்பியூட்டருக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தேன். அவள் திரையில் தெரிவதை வாசிப்பாள், நான் சுவரைப் பார்த்தபடி அடுத்து எதை அமத்துவது என்று சொல்வேன். என் முகத்துக்கு நேரே ஒரு நாட்காட்டி தொங்கிற்று. அந்த மாதத்தின் நோன்பு, பௌர்ணமிப் போயா, விடுமுறை எல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

காலை எட்டரைக்குத் தொடங்கிற்று. பழைய டிஸ்க் என் முதுகுக்குப் பின்னால் டக் டக்கென்று தட்டிக்கொண்டே ஓடிற்று. மின்சாரம் போனால் யூபிஎஸ் ஐந்து நிமிடம் தாங்கும். அன்று பகல் முழுவதும் மின்சாரம் போகவில்லை, அது ஒரு அதிசயம். நண்பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லி, சாப்பாடு முடிந்து, பின்னேர அஸர் பாங்குக்குச் சற்று முன் ஓடி முடிந்தது. பெயரில்லாத முந்நூறு துண்டுகள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால்தான் எந்த வீட்டுடையது என்று தெரியும்.

அங்கேயும் அவள் பிசகவில்லை என்று பிறகு அறிந்தேன். ஒவ்வொரு துண்டையும் திறக்குமுன் கொம்பியூட்டர் திரையை ஒரு துவாய்த் துணியால் மூடினாள். துவாயின் ஓரத்தைத் தூக்கித் தான் மட்டும் பார்த்தாள். வேறு வீட்டுப் பெண்கள் தெரிந்தால் உடனே மூடிவிட்டாள். "இவங்க இல்ல மாமி… இவங்களும் இல்ல…" எனக்குக் கேட்டதெல்லாம் தாய் உருட்டுகிற தஸ்பீஹ் மாலையின் மணி ஒன்றின்மேல் ஒன்று விழுகிற சத்தம்தான். இருநூறு தாண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்து கல்யாணங்கள் அந்த வாங்கில் ஏறி இருந்துவிட்டன என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அந்தத் தாயிடம் அதை யார் சொல்வது என்று யோசித்தேன்.

மணிச் சத்தம் நின்றது. துவாய் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"மாமி" என்றாள் ஸுல்பிகா. அவ்வளவுதான்.

படத்தின் சத்தத்தை நானிருப்பதால் அவள் காலையிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். தாய்க்குக் காதில் மாட்டுவதைக் கொடுத்தாள் போலும். முக்காட்டுக்கு மேலே அது நிற்கவில்லை. "கழட்டு மகள். சத்தமாப் போடு. அந்தத் தம்பியும் கேக்கட்டும், பறவாயில்ல" என்று உம்மு குல்சும் மாமி சொன்னார்.

பத்தொன்பது விநாடி. குரவைச் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, வளையல்கள். அதற்குள் ஒரு இளம் பெண்ணின் குரல் சிரித்துக்கொண்டே சொல்லிற்று: "உம்மா, சும்மா இருங்க உம்மா, படம் எடுக்குறாங்க. அழாதீங்க. நான் இங்கரிக்கித்தானே போறன்." இங்கே பக்கத்தில்தானே போகிறேன் என்று கல்யாணப் பெண் தாயைத் தேற்றுகிறாள். படம் அந்த இடத்தில் அறுந்துவிட்டது.

"இன்னொருக்கா" என்றார் தாய்.

எத்தனை இன்னொருக்கா என்று நான் எண்ணவில்லை. நாட்காட்டியின் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஐம்பது வயது மனிதன் நான், ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இடப் பக்கம், இடப் பக்கப் பல்லு" என்று அவர் சொல்வது கேட்டது. றம்லாவின் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. குரலைத் தெருவில் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

பத்தொன்பது விநாடியைச் சீடியில் ஏற்றிய பிறகு வழமையான காரியம் ஒன்று பாக்கி இருந்தது. மீட்டது என் டிஸ்க்கில் இருக்கிறது. அதை அழிக்க வேண்டும், தாயின் விரலால். ஆனால் எனக்கு ஆணி கழற்றுகிற சத்தம்தான் கேட்டது. அதற்கு முன்பே அவள் மற்ற வீட்டுத் துண்டுகளையெல்லாம் தன் கையால் அகற்றி, அவற்றின் இடம் முழுவதையும் நான் சொல்லிக் கொடுத்தபடி வெறுமையால் நிரப்பியிருந்தாள்; இப்போது என் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சீடி பாக்கிறதுக்கு மாமி. இது வெச்சிருக்கிறதுக்கு. இனி நீங்க ஒண்டையும் அமத்த வாணாம்."

அது என் டிஸ்க். ஒரு நாளைக்கென்று இரவல் கொடுத்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் செய்த காரியத்தை நான் செய்திருக்க மாட்டேன். மிதவைப் பாதையேறிக் கிண்ணியாவுக்கும், லோஞ்சேறி மூதூருக்கும், பஸ்ஸேறித் தோப்பூருக்கும் போனாள். தான் படம் எடுத்த வீடுகளின் கதவைத் தட்டி, "அழிஞ்சிட்டெண்டு சொன்னன், முழுசா அழியல்ல" என்று சொன்னாள். தவறு என்னுடையது என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் அவளை உள்ளே கூப்பிடவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணங்கள் நான்கு கைவிட்டுப் போயின. "ஸுல்பிகாவெண்டா சரி" என்றவர்களே ஒரு வருடம் முகம் கொடுக்கவில்லை. வந்து கேட்ட சிலரிடம் அவளுடைய புதிய ஏற்பாட்டைச் சொன்னாள். ஒரு வீட்டுக்கு ஒரு டிஸ்க். அந்த வீட்டுப் படம் அதற்குள் மட்டும்தான் ஏறும், அதில்தான் வெட்டப்படும். முடிந்ததும் டிஸ்க்கே தாயின் கைக்குப் போய்விடும். வைத்திருப்பதும் உடைப்பதும் கிணற்றில் போடுவதும் அவர்கள் பாடு. இப்போது மெல்ல மெல்ல ஆட்கள் வருகிறார்கள்.

பெரிய டிஸ்க் அவளுக்கு ஏன் வேண்டாம் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

இன்றைக்கு அவளுக்கு மூன்று வேண்டும், இரண்டு தேறிவிட்டன. மூன்றாவதாக ஒரு நாற்பதை மாட்டினேன். கப்பல்துறைப் பக்கமிருந்து பழைய இரும்புக்காரர் சாக்கோடு கொண்டுவந்த சாமான்களுக்குள் கிடந்தது. நீண்ட நேரம் காதில் வைத்துக் கேட்டுத் தலையாட்டினாள். "நல்ல டிஸ்க் அண்ணன். நித்திரை கொள்ளுற குழந்தை மாதிரி."

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத் திறந்தேன். வழக்கமாக வெறுமையாக இருக்கும், அல்லது கந்தோர்க் கடிதங்கள் இருக்கும். இதில் படங்கள் இருந்தன. பிறந்தநாள் கேக் ஒன்று, வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு மனிதர்.

"ஆரோ ஒரு குடும்பம்" என்றேன்.

ஸுல்பிகா அந்த நொடியே கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"அழிச்சுத் தரட்டோ தங்கச்சி?" பட்டனில் என் விரல் போய்விட்டது. பழக்கதோஷம்.

"ஆர்ட ஊடு?"

"தெரியாது. ஆக்கள் இல்லாத வீட்டுச் சாமான் எண்டு இரும்புக்காரர் சொன்னவர்."

"அப்ப அமத்துறதுக்கு ஆள் இல்ல. அப்பிடியே தாங்க" என்றாள்.

திரும்பிப் பார்க்காமலே வலக்கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். நான் வயர்களைக் கழற்றி, சூடு ஆறாத அந்த டிஸ்க்கை அதில் வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன.